உறங்கும் கியூபிட்: இளைஞர் மைக்கலாஞ்சலோவும் தரகர் பெற்ற 200 டூகாட்டும்

கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சிற்பம் பயிலும் தங்கச்சி ஒருவர் இரண்டு விடயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மைக்கலாஞ்சலோ இளமையில் தாம் செதுக்கிய சிலையொன்றைப் பழங்காலச் சிலையென்று விற்றது உண்மையா, உண்மையென்றால் நண்பர்கள் சொல்வதுபோல அது அவருடைய திறமைக்குச் சான்றாகுமா என்பது முதலாவது. கல்முனைப் பக்கத்தில் கோயில் வாகனங்கள் செய்யும் அவருடைய அண்ணனிடம், முதிரை மரத்தில் புதிதாகச் செதுக்கும் சிற்பங்களைப் பழையவை போல ஆக்கித் தந்தால் மும்மடங்கு விலை தருவதாகத் தரகர் ஒருவர் ஆசை காட்டுகிறார். அவருக்கு என்ன மறுமொழி சொல்வது என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை தெளிவானால் இரண்டாவதற்கு நான் அதிகம் சொல்ல வேண்டியிராது. ஆகவே முதலாவதை விரிவாகவே எழுதுகிறேன்.

உண்மைதான். சிலையின் பெயர் ‘உறங்கும் கியூபிட்’. உரோமரின் காதல் தெய்வம் சிறு பிள்ளையாகப் படுத்துறங்கும் பளிங்குச் சிலை அது. 1495ஆம் ஆண்டின் இறுதிக்கும் 1496ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கும் இடையில் புளோரன்ஸ் நகரத்தில் அது செதுக்கப்பட்டது. 1475 மார்ச் 6ஆம் திகதி பிறந்த மைக்கலாஞ்சலோவுக்கு அப்போது இருபது வயது கடந்திருந்தது. அந்த வயதில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதை அறியாமல் அவர் செய்ததை எடைபோட முடியாது.

பதின்மூன்று வயதில் கிர்லாண்டாயோ என்ற ஓவியரிடம் தொழில் பழகச் சேர்ந்த அவர், விரைவிலேயே, நகரத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்தின் தலைவர் லொரன்சோ தே மெடிச்சியின் ஆதரவில், சான் மார்க்கோ மடத்துக்கு அருகிலிருந்த தோட்டத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த பழைய சிலைகளுக்கு நடுவே சிற்பம் பயின்றார். அங்கு நடந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சொல்லும் ஒரு நிகழ்ச்சியை இந்த விடயத்தில் மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன். சிரிக்கும் முதியவனாக அமைந்த ஃபோன் என்னும் காட்டுத் தெய்வத்தின் பழைய தலையொன்றைப் பார்த்துச் சிறுவன் ஒரு பிரதி செய்தான். லொரன்சோ அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வயதானவனுக்கு எல்லாப் பற்களும் இப்படி நிறைவாக இருக்குமா என்று விளையாட்டாகக் கேட்டார். அவர் அப்பால் போனதும் சிறுவன் மேற்பல் ஒன்றை உடைத்து, வேரோடு விழுந்தது போலத் தோன்றும்படி ஈறையும் குடைந்து வைத்தான். லொரன்சோ வியந்து அவனைத் தம் வீட்டிலேயே வளர்த்தார். பெரிய மனிதர் ஒருவரிடம் அவர் பெற்ற முதல் பாராட்டு, கல்லில் முதுமையைச் செய்து காட்டியதற்குக் கிடைத்தது. அங்கே வஞ்சகம் எதுவும் இருக்கவில்லை. சிலை எப்போது செய்யப்பட்டது, யார் செய்தது என்பது இருவருக்கும் தெரியும். அதே கைத்திறன் சில ஆண்டுகளின் பின் வேறொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது.

1492 ஏப்ரலில் லொரன்சோ இறந்தார். 1494 நவம்பரில் அவருடைய மகன் பியெரோ நகரத்தை விட்டுத் துரத்தப்பட்டார். அதற்குச் சற்று முன்னரே ஊரை விட்டு வெளியேறியிருந்த மைக்கலாஞ்சலோ வெனிசுக்குப் போய், பின்னர் பொலோனியாவில் தங்கி, புனித தொமினிக்கின் கல்லறைப் பேழைக்குச் சிறிய உருவங்கள் சிலவற்றைச் செதுக்கினார். 1495 இறுதியில் அவர் திரும்பி வந்தபோது புளோரன்ஸ் சவனரோலா என்ற துறவியின் பிரசங்கங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தது. வளர்த்த குடும்பம் ஊரில் இல்லை. கையில் பெரிய வேலையும் இல்லை. அவருக்கு ஆதரவு தந்தவர் மெடிச்சி குடும்பத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த லொரன்சோ தி பியெர்ஃபிரான்செஸ்கோ. தம் உறவினரான பியெரோவை எதிர்த்து நின்று, அவர் துரத்தப்பட்டதும் மெடிச்சி என்ற பெயரையே விட்டு ‘மக்களைச் சேர்ந்தவர்’ என்ற பொருள்படும் பெயரைச் சூடிக்கொண்டவர் அவர். காற்றின் திசையறிந்து நடக்கத் தெரிந்தவர் என்பது என் கணிப்பு. அவருக்காக முதலில் இளம் வயதுப் புனித யோவானின் சிலையொன்றைச் செய்த மைக்கலாஞ்சலோ, அடுத்து கியூபிட்டைச் செதுக்கினார்.

போலியாக்கும் யோசனை சிற்பியிடமிருந்து வந்ததன்று. சிலையைப் பார்த்த இந்த இரண்டாவது லொரன்சோ, இதை மண்ணில் புதைந்து கிடந்தது போலத் தோன்றச் செய்தால் உரோமுக்கு அனுப்பிப் பழஞ்சிலையாக நல்ல விலைக்கு விற்கலாம் என்றார். இதைச் சொல்பவர் கொண்டிவி. 1553இல், மைக்கலாஞ்சலோ உயிரோடிருந்த காலத்தில், அவர் வாய்ச்சொற்களைக் கேட்டு அவருடைய வரலாற்றை எழுதிய மாணவர் அவர். சிற்பி தாமே சிலையைப் பழையதாக்கினார் என்றும் கொண்டிவி ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை 1550இலும் 1568இலும் எழுதிய வசாரியோ இன்னொரு செய்தியையும் தருகிறார்: தரகர் அதை உரோமுக்குக் கொண்டுபோய்த் தம் திராட்சைத் தோட்டத்தில் புதைத்து எடுத்தார் என்று சிலர் சொல்வதாக. சிலையைப் பழையதாக்கியவர் யார் என்பதில் இரு வரலாறுகளும் முரண்பட்டாலும், சிற்பி அறியாமல் நடந்தது என்று வாதாட கொண்டிவியின் கூற்று இடம்தரவில்லை. எழுபது வயதைத் தாண்டிய, ஐரோப்பா முழுதும் புகழ்பெற்ற ஒருவர், தம் இளமையின் இந்தச் செயலைத் தம் வரலாற்றிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

சிலை பல்தசாரே தெல் மிலானேசே என்ற தரகர் வழியாக உரோமுக்குப் போயிற்று. வாங்கியவர் கர்தினால் ரஃபாயேலே ரியாரியோ. கொடுத்த விலை 200 டூகாட், அக்காலத்துத் தங்க நாணயம். தரகர் புளோரன்சுக்கு அனுப்பியது 30 டூகாட். அவ்வளவுதான் கிடைத்தது என்று அவர் எழுதிவிட்டார். ஆக, ஏமாந்தவர் கர்தினால் மட்டுமல்லர். சூழ்ச்சியைத் தொடக்கி வைத்த லொரன்சோவும், கையை அதற்குக் கொடுத்த சிற்பியும் ஏமாந்தார்கள். பொய் சொல்லி விற்கும் பொருளுக்கு உண்மையான கணக்கைக் கேட்கும் உரிமையும் இல்லாமற் போகிறது. 170 டூகாட் எங்கே என்று சிற்பி எந்த முகத்தோடு, யாரிடம் போய்க் கேட்பார்?

இந்தக் கர்தினாலுக்கும் புளோரன்சுக்கும் ஒரு பழங்கதை உண்டு. 1478 ஏப்ரல் 26ஆம் திகதி புளோரன்ஸ் பேராலயத்தில் பூசை நேரத்தில் சதிகாரர்கள் மெடிச்சி குடும்பத்துச் சகோதரர்களைத் தாக்கி இளையவரான ஜூலியானோவைக் கொன்றபோது, பதின்ம வயதிலிருந்த ரியாரியோ அங்கே இருந்தார். பின்னர் சில வாரங்கள் தடுத்தும் வைக்கப்பட்டார். மெடிச்சி ஒருவர் இவருக்குப் போலிச் சிலையை விற்றதில் பழிவாங்கும் எண்ணத்தைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக நான் விரும்பவில்லை. உரோமில் பழஞ்சிலைகளைப் பெருந்தொகையாக வாங்கிக் குவித்தவர்களில் ரியாரியோ ஒருவர் என்பதே அவரிடம் சரக்குப் போனதற்குப் போதுமான காரணம்.

ஏதோ ஒரு வழியில் உண்மை கர்தினாலின் காதுக்கு எட்டியது. அவர் தம் ஆளொருவரைப் புளோரன்சுக்கு அனுப்பினார். வந்தவர், சிற்பி ஒருவரைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு மைக்கலாஞ்சலோவின் வீட்டுக்குப் போய், உமது வேலை ஏதாவது உண்டா, காட்டும் என்றார். காட்டுவதற்கு அப்போது எதுவும் இருக்கவில்லை. மைக்கலாஞ்சலோ பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே ஒரு கையை வரைந்து காட்டினார். வந்தவர் திகைத்துப்போய், சிற்ப வேலையும் செய்ததுண்டா என்று கேட்க, செய்திருக்கிறேன், இன்ன அளவில் இன்ன நிலையில் ஒரு கியூபிட்டும் செய்தேன் என்று அவர் தயங்காமல் சொன்னார். தம்முடைய வேலையைத் தம்முடையதென்று சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்த கணத்திலேயே அவர் சொல்லிவிட்டார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கர்தினால் சிலையைத் தரகரிடம் திருப்பிக் கொடுத்துத் தம் பணத்தை மீளப் பெற்றார். சிற்பியோ உரோமுக்குப் புறப்பட்டார்.

இங்கிருந்து நமக்கு அவருடைய கையெழுத்திலேயே சான்று கிடைக்கிறது. 1496 ஜூன் 25ஆம் திகதி உரோமை அடைந்த மைக்கலாஞ்சலோ, ஜூலை 2ஆம் திகதி லொரன்சோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளியே முகவரியில் இருந்த பெயர் ஓவியர் பொத்திச்செல்லியினுடையது. மெடிச்சி ஒருவருக்குக் கடிதம் போவதை மறைப்பதற்கே அப்படிச் செய்தார்கள் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கர்தினால் தம்மை மகிழ்ச்சியோடு வரவேற்றதாகவும், உடனேயே சில சிலைகளைப் பார்க்கச் சொன்னதாகவும், அன்று முழுநாளும் அதிலேயே கழிந்ததாகவும் அதில் எழுதுகிறார். மறுநாள் கர்தினால், பார்த்தவற்றைப் பற்றி என்ன நினைக்கிறீர், இப்படி அழகான ஒன்றைச் செய்ய உமக்குத் துணிவுண்டா என்று கேட்டார். அவ்வளவு பெரியவற்றை என்னால் செய்ய முடியாது, ஆனாலும் நான் செய்வதைப் பார்ப்பீர்கள் என்பது இவருடைய பதில். ஆள் உயரச் சிலை ஒன்றுக்குக் கல்லும் வாங்கியாயிற்று.

அதே கடிதத்தின் பிற்பகுதி வேறு தொனியில் இருக்கிறது. மைக்கலாஞ்சலோ பல்தசாரேயிடம் போய், பணத்தைத் தருகிறேன், பிள்ளையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். சிலையை அவர் ‘பிள்ளை’ என்றே எழுதுகிறார். தரகர் மிகக் கடுமையாகப் பேசினார்: அதை நூறு துண்டாக உடைத்தாலும் உடைப்பேனே தவிரத் தரமாட்டேன், நான் காசு கொடுத்து வாங்கியது, அது என்னுடையது, அனுப்பியவருக்குக் கணக்குத் தீர்த்ததற்குக் கடிதம் வைத்திருக்கிறேன். உரோமிலிருந்த புளோரன்ஸ்காரர் சிலர் இடையில் நின்று பேசியும் பயன் கிடைக்கவில்லை. கியூபிட்டின் கதையை எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் கதையின் நடு. உலகத்தின் மிகச் சிறந்த சிற்பிகளில் ஒருவராக வரவிருந்தவர், தம் கையால் செய்த சிலையைக் காசு கொடுத்து மீட்கப் போய், வெறுங்கையோடு திரும்பினார். தரகர் காட்டிய நியாயம் சட்டப்படி பிழையானதென்றும் சொல்ல முடியாது. 30 டூகாட்டைப் பெற்றுக்கொண்ட போதே, பெயரோடு சேர்த்துச் சிலையையும் சிற்பி விட்டுக்கொடுத்திருந்தார்.

சிலையின் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது பாப்பரசரின் மகனும் படைத்தலைவருமான செசாரே போர்ஜியாவின் கைக்கும் இத்தாலியின் உர்பினோ நகரப் பிரபு குயிதோபால்தோவின் கைக்கும் போயிற்று. 1502இல் போர்ஜியா உர்பினோவைக் கைப்பற்றினார். குயிதோபால்தோ மாந்துவாவுக்கு ஓடிவந்து அடைக்கலம் புகுந்தார். மாந்துவாவின் தலைவி இசபெல்லா தெஸ்தேக்கு அவர் மச்சாளின் கணவர். அந்த நாட்களிலேயே இசபெல்லா, உர்பினோ அரண்மனையிலிருந்த வீனஸ் சிலையையும் கியூபிட்டையும் தமக்குப் பெற்றுத் தரும்படி கர்தினாலாக இருந்த தம் சகோதரருக்கு எழுதிப் பெற்றுக்கொண்டார். உர்பினோ மீண்டும் குயிதோபால்தோவிடம் வந்த பின்னரும் சிலை அவருக்குத் திரும்பவில்லை. இங்கே கவனிக்கத்தக்கது இசபெல்லாவின் மதிப்பீடு: இக்காலத்து வேலை என்ற வகையில் இதற்கு இணை கிடையாது என்று அவர் தம் கணவருக்கு எழுதினார். பழஞ்சிலை என்று கேட்டபோது 200 டூகாட் கொடுத்த ரியாரியோ, புதிய சிலை என்று தெரிந்ததும் அதே கல்லைத் திருப்பி அனுப்பினார். புதியதென்று தெரிந்தே விரும்பிய ஒருவர் ஆறு ஆண்டுகளில் வந்தார். பின்னர் மாந்துவாவின் சேகரிப்பு இங்கிலாந்தின் முதலாம் சார்ள்ஸ் மன்னருக்கு விற்கப்பட்டது. 1698 ஜனவரியில் லண்டன் வைட்ஹோல் அரண்மனை எரிந்தபோது கியூபிட்டும் அழிந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து.

இனி, திறமைக்குச் சான்றா என்ற கேள்வி. திறமை இருந்ததால்தான் ஏமாற்ற முடிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏமாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம் திறமை மட்டுமே என்று எண்ணுவது தவறு. வாங்குகிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைக் கொடுப்பதில்தான் போலி உயிர் வாழ்கிறது. இதற்குத் தெளிவான உதாரணம் ஒல்லாந்து ஓவியர் ஹான் வான் மெகரன். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் பெயரில் அவர் தீட்டிய ‘எம்மாவுஸில் இராவிருந்து’ என்ற ஓவியத்தை, வெர்மீரைப் பற்றிப் பேரறிவு கொண்டிருந்த பிரேடியுஸ் உண்மையானதென்று ஏற்றார். ரொட்டர்டாம் நகரத்தின் அரும்பொருளகத்துக்காக அது வாங்கப்பட்டது. போரின்போது இன்னொரு ‘வெர்மீர்’ நாசித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போனது. 1945இல் வான் மெகரன் கைதான பின்னரே உண்மை வெளிவந்தது. 1947இல் ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, அதை அனுபவிக்கு முன்னரே அவர் இறந்தார். இன்று அந்த ஓவியங்களைப் பார்ப்பவருக்கு அவற்றின் முகங்களில் வெர்மீரின் காலம் தெரிவதில்லை. 1930களின் முகங்களே தெரிகின்றன. அந்தக் காலத்துக் கண்ணுக்கு மட்டும் அது புலப்படவில்லை. எனவே பிடிபடாத போலி, செய்தவரின் கையைவிடப் பார்த்தவரின் ஆசையைத்தான் அதிகம் காட்டுகிறது.

மைக்கலாஞ்சலோவின் திறமைக்குச் சான்று வேண்டுமென்றால் கியூபிட்டுக்குப் பின் வந்தவற்றைப் பாருங்கள். ரியாரியோவுக்காகச் செதுக்கிய, உரோமரின் மதுத் தெய்வமான பாக்கஸின் சிலையைக் கர்தினால் ஏற்கவில்லை. யாக்கோபோ கல்லி என்ற வங்கியாளரின் தோட்டத்தில் அது பழைய சிற்பங்களுக்கு நடுவே நின்றது. அதே கல்லி, 1498 ஆகஸ்ட் 27ஆம் திகதி எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், இன்று உரோமிலுள்ள பளிங்கு வேலைகள் எல்லாவற்றிலும் அழகானதாக இது இருக்கும் என்று மைக்கலாஞ்சலோவுக்காகப் பிணை நின்றார். 450 டூகாட் விலைக்குப் பேசப்பட்ட அந்த வேலைதான் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் தாங்கிய மரியாள். அந்தச் சிலையில் மரியாளின் மார்புக்குக் குறுக்கே ஓடும் பட்டியில் ‘புளோரன்ஸ்காரன் மைக்கலாஞ்சலோ புவொனரோத்தி செய்தது’ என்ற பொருளில் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. வேறெந்தச் சிலையிலும் அவர் பெயர் பொறித்ததில்லை. வட இத்தாலியின் லொம்பார்தியிலிருந்து வந்த சிலர் அதை மிலான் சிற்பி ஒருவரின் வேலையென்று பேசக் கேட்டதால்தான் பொறித்தார் என்று வசாரி சொல்கிறார். கியூபிட்டைப் பெயரில்லாமல் இழந்த அனுபவமும் அந்த உளிக்குப் பின்னால் இருந்தது என்பது என் எண்ணம்.

இதைப் படித்துவிட்டு, பழைய உருவத்தைப் பார்த்துச் செய்வதே போலி என்று எண்ணிவிட வேண்டாம். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகும் நம் கரையோரத்துக் கோயில்கள் பலவற்றில் சிதைந்த உருவங்களுக்குப் பதிலாகப் பழைய அமைப்பிலேயே புதியவை செய்தார்கள். ஆகம அளவும் அமைப்பும் பழையவை, கல்லும் மரமும் கையும் புதியவை. கும்பாபிஷேகம் நடந்த ஆண்டைக் கல்வெட்டில் எழுதி எல்லாரும் படிக்கும் இடத்தில் வைத்தார்கள். உங்கள் அண்ணன் தலைமுறை தலைமுறையாக வந்த மாதிரியில் மயில் வாகனமும் சிங்க வாகனமும் செய்வதும் இதே மரபுதான். ஆண்டை மறைக்கும்படி யாராவது கேட்கும்போதுதான் தொழில் வேறொன்றாக மாறுகிறது.

தரகர் கேட்பதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது; உரிமப் பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. புகையூட்டி மண்ணில் புதைத்தெடுத்த சிற்பத்தை அதிகாரிகள் பழையதென்று நம்பினால், தொல்பொருளைக் கடத்திய குற்றத்துக்கு அண்ணன் பதில் சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் வாங்கியவரை வஞ்சித்த குற்றம் நிற்கும். இரண்டு வழியிலும் செய்தவரின் பெயர்தான் பொலிஸ் முறைப்பாட்டில் முதலில் வரும். மும்மடங்கு என்று சொல்லும் தரகர் அதை எத்தனை மடங்குக்கு விற்பார் என்பதை அண்ணன் அறிய வழியில்லை.

அண்ணனுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். செய்கின்ற ஒவ்வொரு சிற்பத்தின் அடியிலும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் உளியால் வெட்டட்டும். வண்ணத்தில் எழுதினால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மரத்துண்டாக இருந்தது முதல் முடிந்தது வரை தொலைபேசியில் படம் எடுத்து வைக்கட்டும். அந்தத் தரகர் மறுபடியும் வந்தால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. விலையை அண்ணனே சொல்லி, ‘புதிய வேலை’ என்று ஆண்டோடு எழுதிய பற்றுச்சீட்டில் அவரைக் கையொப்பமிடச் சொல்லட்டும். மறுத்தால் சிற்பத்தைக் கொடுக்க வேண்டாம்.